முருகேசன் அண்ணனின் ஆம்பில் பழுது இல்லை

இருபத்தொன்பது வயதில் ரிட்டயர் ஆனவன் எழுதும் அனுபவக் கட்டுரை இது. சிரிக்காதீர்கள். மன்னார்புரத்தில் ஆறு வருடம் நான் வேலை பார்த்த கிட்டார் ஆம்ப் சர்வீஸ் சென்டரைப் போன மாதம் மூடிவிட்டார்கள். சால்வை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள். இதற்குப் பேர் ரிட்டயர்மெண்ட் இல்லையென்றால் வேறு என்ன?

இனிமேல் சர்வீஸ் எல்லாம் கம்பெனியின் ஆப் வழியாகத்தான். கஸ்டமர் போனில் ஒரு பட்டனை அழுத்தினால் ஆப் ஆம்பைச் சோதித்து, செட்டிங்கை அதுவே மாற்றிவிடும். சாட்டில் பதில் சொல்வதற்கு நாலு புது ஆட்களை எடுத்திருக்கிறார்கள். அவர்களில் வைஷ்ணவி என்ற பெண் எங்கள் பழைய சர்வீஸ் ஃபாரத்தைப் பார்த்துவிட்டு மெசேஜ் போட்டாள். "அண்ணா, ஃபாரம்ல முதல் வரியே 'கஸ்டமர் பத்து நிமிஷம் வாசிக்கணும், அதுவரை டெக்னீஷியன் ஆம்பைத் தொடக்கூடாது'ன்னு இருக்கு. இது எதுக்குண்ணா? சும்மா டைம் வேஸ்ட்டா?"

வாய்ஸ் நோட்டில் பதில் சொல்லிப் பார்த்தேன். நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் அழித்தேன். விஷயம் ஒரு மனிதரின் காது சம்பந்தப்பட்டது. அதில் நான் செய்த தப்பும் இருக்கிறது. வாய்ஸ் நோட்டில் சொல்லிக் கடந்துபோகிற விஷயம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

முதலில் ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர். நாங்கள் பார்த்தது ஒரே ஒரு வகை: விலை குறைந்த மாடலிங் ஆம்ப். மடிக்கு அடக்கமான கருப்புப் பெட்டி. மேடையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் பழைய ஆம்ப்கள் எப்படிச் சத்தம் போடுமோ, அதை உள்ளே இருக்கும் சிப் கணக்குப் போட்டு அப்படியே கொடுக்கும். பிடித்த சத்தத்தைச் சேமித்து வைக்கலாம். அதை டோன் என்போம். முப்பது டோன் வரை இடம் உண்டு. இஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் இருப்பவர்கள், சர்ச்சில் வாசிப்பவர்கள், கல்யாண ட்ரூப்காரர்கள் என்று திருச்சியில் இதை வாங்காத கிட்டார்காரர் குறைவு. ஓனர்கள் பாதிப் பேர் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். மீதிப் பேர் "பொம்மை சார் இது" என்று திட்டிக்கொண்டே அதில்தான் வாசிப்பார்கள்.

நான் ஈ.சி.இ. முடித்தவன். இரண்டு அரியரை முடித்த கையோடு இந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். சால்டரிங் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. மேனுவலை ஒரு வாரத்தில் முடித்தேன். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் வர அதைவிடக் குறைந்த நாளே பிடித்தது.

எங்கள் ஹெட் கோதை மேம். ஸ்ரீரங்கம், சித்திரை வீதி. என்னைவிட ஏழு வயது மூத்தவர். காலையில் காவேரிப் பாலத்து டிராஃபிக்கைத் தாண்டி ஸ்கூட்டரில் வந்து இறங்குவார், ஹெல்மெட்டைக் கழற்றும்போதே அன்றைய லிஸ்டைக் கேட்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் ஒரு கேபிளை எடுத்துச் சுற்றுவார். சுற்றி முடித்ததும் பிரித்து மறுபடி சுற்றுவார். கோபம் எவ்வளவு என்பதை எத்தனை தடவை பிரிக்கிறார் என்பதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபாரம் அவர் போட்டதுதான். ஆம்ப் வந்தால் ஓனர் தன் கிட்டார், தன் கேபிளோடு பத்து நிமிடம் வாசிக்க வேண்டும். நாம் ஓரமாக நின்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் குறையை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். ஆரம்பத்தில் நான் "ஹம் நாய்ஸ்" என்று எழுதினேன். மேம் அதை அடித்துவிட்டார்.

"அவர் என்ன சொன்னார்?"

"ஆம்புக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்குன்னார் மேம்."

"அப்போ அதை எழுது. நீ புரிஞ்சுண்டதை அடுத்த வரில எழுது. ரெண்டையும் கலக்காதே."

பிறகு ஆம்பில் இருக்கும் டோன்களை அப்படியே லேப்டாப்பில் காப்பி எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அளவு. ஸ்பீக்கருக்கு ஒரு அடி முன்னால் மைக்கை வைத்து, அடிக்குரலில் ஆரம்பித்து விசில் வரை ஏறும் ஒரு சோதனைச் சத்தத்தை ஓட்டுவோம். திரையில் ஒரு கோடு வரும். அது கம்பெனி கொடுத்த கோட்டோடு ஒட்டிப் போனால் ஆம்ப் சரி. கடைசி வரியில், என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். ஒன்றும் செய்யவில்லை என்றால் "ஒன்றும் செய்யவில்லை" என்றே எழுத வேண்டும். அந்த வரிதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

வாசிக்கச் சொல்லும் விதி ஏன் என்று எனக்கு முதலில் காட்டியவர் பச்சைமலையிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியர். இரண்டு பஸ் மாறி, ஆம்பை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றார். மேம் லீவ். நான் ஆம்பை வாங்கிச் சோதித்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினேன். அடுத்த வாரம் அதே மனிதர், அதே ஆம்ப், அதே இரண்டு பஸ். இந்தத் தடவை மேம் இருந்தார். "சார், ஆத்துல எப்படி வெச்சு வாசிப்பேளோ, அதே மாதிரி இங்க வெச்சு வாசிங்கோ" என்றார். ஆசிரியர் பைக்குள்ளிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்தார். அதன் பிளக்கில் எர்த் பின்னை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். பழுது அவர் பைக்குள் இருந்தது. நான் பையைத் திறக்கவே சொல்லவில்லை.

இதில் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. காரணம், ஸ்டார்.

ஒவ்வொரு சர்வீஸ் முடிந்ததும் கஸ்டமருக்கு லிங்க் போகும், அவர் ஸ்டார் போடுவார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமா வந்தார். பேங்க்கில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர். புதிதாகக் கிட்டார் பழகுகிறார். சத்தம் "தகர டப்பா மாதிரி" இருக்கிறது என்றார். பார்த்தால் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை முழுக்கத் திருப்பி வைத்திருக்கிறார். "செட்டிங்தான் சார், ஆம்ப்ல ஒண்ணும் இல்ல" என்றேன். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பது வருஷம் அடுத்தவா தப்பைக் கண்டுபிடிச்சவன் நான். என் தப்பை நீ கண்டுபிடிக்கறியா?" ஒரு ஸ்டார். கம்பெனியிலிருந்து எனக்குப் போன்.

பத்து நாள் கழித்து மாமா மறுபடி வந்தார். நான் ஆம்பை உள்ளே எடுத்துப் போனேன். டிஸ்டார்ஷனைக் குறைத்தேன். கால் மணி நேரம் போனை நோண்டினேன். வெளியே வந்து, "உள்ள ஒரு கனெக்‌ஷன் லூஸா இருந்துது சார்" என்றேன்.

மாமா வாசித்துப் பார்த்தார். "பேஷ்! இதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன். நீதான் காதுல வாங்கிக்கல. பெருமாள் புண்ணியத்துல இப்போ சரியாயிடுத்து." ஐந்து ஸ்டார்.

வழி கிடைத்துவிட்டது. யாருக்கும் தன் மேல் தப்பு என்று கேட்கப் பிடிக்காது. பெட்டி மேல் தப்பு என்றால் எல்லாருக்கும் சந்தோஷம். மேம் வெளியே போகும் நாட்களில் லூஸ் கனெக்‌ஷன் நோய் மன்னார்புரத்தில் வேகமாகப் பரவியது. அந்த வருடம் எங்கள் ஏரியாவில் நான்தான் ஸ்டாரில் முதல். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அப்போதுதான் முருகேசன் அண்ணன் வந்தார்.

நாற்பதைத் தாண்டியவர். அரியமங்கலத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் கிரைண்டிங் வேலை. வார நாளெல்லாம் இரும்பைத் தேய்ப்பார், சனி ஞாயிறு ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பார். ஆடி மாதம் பிறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஷெட்டிலிருந்து நேராக மொபெட்டில் வந்திருந்தார். ஆம்ப் கால் நடுவில், கிட்டார் முதுகில். சட்டைக் கையில் இரும்புத் தூள் மினுங்கியது.

"தம்பி, ஆம்புக்குச் சளி புடிச்சிருக்கு."

"என்னண்ணே?"

"மூக்கடைச்சவன் பேசற மாதிரி இருக்கு. முன்ன எல்லாம் கம்பியத் தொட்டா கணீர்னு வரும். இப்ப போர்வைக்குள்ளேர்ந்து வருது. அடுத்த மாசம் பூரா கோயில் கச்சேரி. பாத்துக் குடு."

நான் ஃபாரத்தில் "ட்ரெபிள் குறைவு" என்று, அதாவது விசில் பக்கத்து மேல் ஒலி குறைவு என்று, எழுதினேன். மேமுக்கு அன்று லீவ். இரண்டு நிமிடம் வாசித்ததும் "போதும்ணே" என்று ஆம்பை வாங்கிக்கொண்டேன். வாசித்த வரைக்கும் சத்தம் எனக்குக் கூர்மையாகத்தான் இருந்தது. போன் நம்பர் கேட்டேன். "என்னது? கொஞ்சம் சத்தமாச் சொல்லு, ரோட்டு எரைச்சல்" என்றார். ஏ.சி. ரூம், கதவு மூடியிருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை.

டோன்களைக் காப்பி எடுத்தேன், திறந்து பார்க்கவில்லை. அளவு ஓட்டினேன். கோடு கம்பெனிக் கோட்டோடு ஒட்டிப் போனது. ஆம்பில் ஒரு குறையும் இல்லை. நான் எழுத வேண்டியது: "பழுது இல்லை. ஒன்றும் செய்யவில்லை."

இந்த ஆம்பில் எல்லா டோனுக்கும் மேலே அடி ஒலி, மேல் ஒலியை மொத்தமாக ஏற்றி இறக்கும் ஒரு ஈக்வலைசர் உண்டு. மெனுவுக்குள் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். ஓனர்களுக்கு அது இருப்பதே தெரியாது. அதில் ட்ரெபிளை ஏற்றிவிட்டு வெளியே வந்தேன்.

"ஸ்பீக்கர் கனெக்‌ஷன் லூஸ்ணே. இப்ப பாருங்க."

வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அதானே பாத்தேன்! எங்க கீபோர்டுக்காரன் வேற, 'அண்ணே, ட்ரெபிளக் கொறைங்க, காது கிழியுது'ங்கறான். ஒனக்குத்தான்டா காது சரியில்லன்னு திட்டிட்டு வந்தேன்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஐந்து ஸ்டார்.

தீபாவளி முடிந்து மறுபடி வந்தார். மறுபடி சளி. மறுபடி மேம் இல்லாத நாள். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். "அதே கனெக்‌ஷன்தாண்ணே, இந்தத் தடவை கெட்டியா சால்டர் வெச்சிருக்கேன்." கையைப் பிடித்துக் குலுக்கினார். கை சொரசொரவென்று இருந்தது.

மூன்றாவது தடவை பங்குனியில். மனைவி தேன்மொழி அக்காவும் கூட வந்திருந்தார். அன்று மேம் பெஞ்சில் இருந்தார்.

"உக்காருங்கோ சார். உங்க இஷ்டத்துக்கு வாசிங்கோ. நாங்க யாரும் தொட மாட்டோம்."

அவர் வாசிக்க ஆரம்பித்தார். கண்ணாடியில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம். மேம் நாற்காலியை ஒரு அடி பின்னால் தள்ளினார், கொஞ்ச நேரத்தில் இன்னும் ஒரு அடி. தேன்மொழி அக்கா முந்தானையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டார். பத்து நிமிடமும் முருகேசன் அண்ணன் மட்டும் ஆம்புக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து, எதையோ தேடுகிற முகத்தோடு வாசித்தார்.

"பாத்தீங்களா மேடம்? இன்னும் மூடித்தான் கெடக்கு."

"மூடிக் கெடக்கா?" தேன்மொழி அக்கா முந்தானையை எடுத்தார். "இவரு இத ஆன் பண்ணாலே புள்ளைங்க மொட்டமாடிக்கு ஓடுதுங்க. எதுத்த வீட்டுல வந்து கேக்கறாங்க, என்ன வெல்டிங் வேலை எடுத்திருக்கீங்களான்னு."

"என்ன சொல்றே?" என்று அவர் திரும்பினார்.

"ஒண்ணுமில்ல, வாசிங்க!"

மேம் அந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆம்பை லேப்டாப்பில் இணைத்து, பழைய இரண்டு காப்பிகளையும் பக்கத்தில் திறந்தார். முருகேசன் அண்ணனுக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. பழைய டோனை அவர் அழிப்பதில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அடுத்த நம்பரில் புதிதாகச் சேமிப்பார். ஒன்றாம் டோனில் ட்ரெபிள் ஐந்து. அடுத்ததில் ஐந்தரை. அடுத்து ஆறு. ஏழு. ஏழரை. எட்டு. வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட இறங்காமல் படிப்படியாக மேலே போயிருந்தது. கடைசி டோனில் பத்து. அதற்கு மேல் திருப்ப இடமில்லை. நான் திருட்டுத்தனமாக ஏற்றியதற்கு மேலேயும் அவர் ஏற்றியிருந்தார்.

மேம் இரண்டு பேருக்கும் காபி வரச் சொல்லிவிட்டு என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனார். ஒரு கேபிளை எடுத்துச் சுற்றினார்.

"மெனுக்குள்ள இருக்கற ஈக்வலைசரை ஏத்தினது யாரு? அவர் இல்லை. அவருக்கு அது இருக்கறதே தெரியாது."

"நான்தான் மேம்."

"ரெண்டு தடவையுமா?"

"ஆமா மேம்."

"ஃபாரம்ல லூஸ் கனெக்‌ஷன்னு எழுதியிருக்கே. எந்தக் கனெக்‌ஷன்?"

மேம் கேபிளைப் பிரித்தார், மறுபடி சுற்றினார். மூன்றாவது தடவை பிரிக்கும்போது சொன்னார்.

"பிரவீன், ஆம்ப் நன்னா இருக்கு. நன்னா இல்லாதது எதுன்னு அந்த மனுஷர் ரெண்டு தடவை உன்கிட்ட வந்து சொல்லியிருக்கார். நீ ரெண்டு தடவையும் அவர் வாயை அடைச்சு அனுப்பியிருக்கே. போய்ச் சொல்லு."

"நீங்க சொல்லுங்க மேம், ப்ளீஸ்."

"பொய்யை நீ சொல்லிட்டு உண்மையை என்னைச் சொல்லச் சொன்னா எப்படி?"

வெளியே வந்தேன். முதலில் நான் ஈக்வலைசரில் ஏற்றியதை இறக்கினேன். சோதனைச் சத்தத்தை ஓட்டத் தயார் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அண்ணே, இப்ப ஒரு சத்தம் வரும். கேக்கற வரைக்கும் கையத் தூக்கி வைங்க, நின்னதும் எறக்கிடுங்க" என்றேன்.

"என்ன தம்பி, ஸ்கூல் அட்டெண்டன்ஸா?" சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

சத்தம் அடியிலிருந்து ஏறியது. முனகலாக ஆரம்பித்து, புல்லாங்குழல் மாதிரி ஆகி, விசிலை நோக்கிப் போனது. பாதி வழியில் அவர் கை இறங்கியது.

"முடிஞ்சுதா?"

விசில் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. தேன்மொழி அக்கா ஸ்பீக்கரைப் பார்த்தார், இறங்கிய கையைப் பார்த்தார். அக்கா கையிலிருந்த காபி டம்ளர் சாய்ந்து தரையில் கொட்டியது, அவருக்கு அது தெரியவில்லை.

"என்னங்க, இன்னும் கேக்குதுங்க."

"எது?"

நான் சொன்னேன். "அண்ணே, ஆம்ப்ல ஒண்ணும் இல்ல. மொதத் தடவையே ஒண்ணும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

"என்னது?"

"பொய் சொன்னேண்ணே."

அவர் காதருகே கையை வைத்துக் குனிந்தார். "கொஞ்சம் சத்தமாச் சொல்லு தம்பி."

"நான் பொய் சொன்னேன்!" கீழே செல்போன் கடைக்காரருக்கும் கேட்டிருக்கும். "கனெக்‌ஷன் லூஸ் இல்ல! நானா ட்ரெபிள ஏத்தி வெச்சேன்! உங்க காதத்தான் பாக்கணும், டாக்டர்ட்ட போகணும்!"

அதுவரை நான் யாரிடமும் தப்பைக் கத்தி ஒப்புக்கொண்டதில்லை. கத்தினால்தான் அவருக்குக் கேட்கும் என்பதுதான் விஷயமே.

அவர் நிமிர்ந்தார். ஆம்பின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அப்ப ஆம்புக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லண்ணே."

"நமக்குத்தானா."

தேன்மொழி அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, ஆடிக்கு முன்னயே தெரியும்ல? அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த கிரைண்டிங் மிஷினுக்கு முன்னாடி நிக்கறப்ப காதுல பஞ்சாவது வெச்சிருப்பாரு இல்ல? எட்டு மாசம் தம்பி!"

குனிந்து தரையில் கொட்டியிருந்த காபியைத் துடைத்தேன்.

திங்கட்கிழமை அவர்களோடு காது சோதனைக்கு நானும் போனேன். மேம் அனுப்பினார். அனுப்பாவிட்டால் போயிருப்பேனா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு முருகேசன் அண்ணன். வெளியே ஒரு இளம்பெண் பட்டன்களை அழுத்திக்கொண்டு குறித்தாள். தாளில் கோடு இடது பக்கம் சமமாக வந்து, நடுவைத் தாண்டியதும் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியது. இரண்டு காதிலும்.

"என்ன வேலைங்க?"

"கிரைண்டிங்ம்மா. பதினெட்டு வருஷம்."

"காதுக்கு எதுவும் போட்டுக்க மாட்டீங்களா?"

"போட்டா மேஸ்திரி கூப்புடுறது கேக்காதே."

அவள் சிரிக்கவில்லை. சத்தமாகவும் நிதானமாகவும் சொன்னாள். "போனது போனதுதாங்க, அது திரும்ப வராது. மிச்சம் இருக்கறதக் காப்பாத்திக்கலாம். ஆனா இதே மாதிரி அந்த மிஷின் முன்னாடி நின்னீங்கன்னா, பேச்சும் போயிடும்."

அவர் மாடிப்படி இறங்கிய பிறகு நான் திரும்பிப் போய்க் கேட்டேன். "மேடம், போன வருஷம் ஆடிக்கு முன்ன வந்திருந்தா இவ்ளோ போயிருக்காதா?"

"அப்ப எடுத்த ரிப்போர்ட் இருந்தா கம்பேர் பண்ணிச் சொல்லலாம். இருக்கா?"

இருந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்தது இல்லை. என் லேப்டாப்பில், நான் காப்பி எடுத்துத் திறந்து பார்க்காமல் விட்ட ஃபைலில், ட்ரெபிள் எட்டு என்று இருந்தது. எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் என்ன போனது என்று எந்த மெஷினும் இனி அளந்து சொல்லாது.

மேம் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. லூஸ் கனெக்‌ஷன் என்று எழுதிய ஃபாரங்களை எல்லாம் எடுத்து வைத்து, ஒவ்வொருவருக்கும் போன் செய்து உண்மையைச் சொல்லச் சொன்னார். மூன்று நாள் ஆயிற்று. ஸ்ரீரங்கம் மாமா, "லூஸ் கனெக்‌ஷன் இல்லையா? நான் வீதி பூரா சொல்லிண்டிருக்கேனேடா!" என்று போனை வைத்தார். மறுபடி ஒரு ஸ்டார். அவர் தரப்பில் நியாயம் இருக்கிறது. ஏரியாவில் முதலாக இருந்தவன் கடைசிக்கு வந்தேன்.

வைஷ்ணவி, உங்கள் ஆப் என்னைவிட நல்லவன்தான், பொய் சொல்லாது. ஆனால் கஸ்டமர் ட்ரெபிள் கேட்டால் அது ட்ரெபிள் கொடுக்கும், நான் கொடுத்த மாதிரியே. இன்னும் வேண்டும் என்றால் இன்னும் கொடுக்கும். எதிரில் இருப்பவர் தலையைச் சாய்க்கிறாரா, பக்கத்தில் இருப்பவர் காதைப் பொத்துகிறாரா என்று அதற்குத் தெரியாது. சாட்டில் இரண்டாவது தடவை ஒரே ஆள் "சத்தம் மூடியிருக்கு" என்று எழுதினால் செட்டிங்கைத் தொடாதே. போன் போட்டுப் பேசு. வீட்டில் வேறு யாராவது இருந்தால் அவர்களையும் பேசச் சொல். ஃபாரத்தின் முதல் வரி அதற்காகத்தான்.

முருகேசன் அண்ணன் ஷெட்டில் கேட்டு ஃபிட்டிங் பக்கம் மாறிக்கொண்டார். கிரைண்டர் ஓடும்போது காதை மூடும் மஃப் போடுகிறார். மேஸ்திரி கூப்பிட வேண்டும் என்றால் வந்து தோளைத் தட்டுவாராம். குழுவில் அவரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் மத்தியானம் ஆம்பைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார். மேமும் இருந்தார்.

நான் எழுந்து நின்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தம்பி, எனக்கு எப்படிக் கேக்குதுங்கறத விட்டுரு. எதுக்க உக்காந்திருக்கறவனுக்கு நல்லாக் கேக்கற மாதிரி ஒரு டோன் வெச்சுக் குடு. அத நான் தொட மாட்டேன்."

ஒரு டோனை வைத்தேன். மைக் வைத்து அளந்தேன். மேம் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். அண்ணன் கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசிக்கும்போது ஆம்பைப் பார்க்கவில்லை, கம்பியையும் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வாசித்தார். அவருக்கு அது போர்வைக்குள்ளிருந்துதான் வந்திருக்கும்.

நிறுத்தினார். "எப்படி இருக்கு? இந்தத் தடவை பொய் சொல்லாம சொல்லு."

நல்லா இருக்கு என்ற வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. மேம் என்னைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டோன் நல்லாருக்குண்ணே," என்று சத்தமாகச் சொன்னேன். "ஆனா கை பலமா விழுது. பிக் கம்பில ஒரசறது சரக் சரக்னு வருது."

"ஒரசுதா?"

"ஆமாண்ணே. உங்களுக்குக் கேக்கணும்னு அடிச்சு அடிச்சுப் பழகிட்டீங்க."

அவர் விரலிடுக்கில் இருந்த, கம்பியை மீட்டும் அந்தச் சின்ன பிக்கைப் பார்த்தார். பிடியைத் தளர்த்தினார். அதே வரியை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மெதுவாண்ணே."

வாசித்தார். பார்த்தார்.

"இன்னும்."

இந்தத் தடவை கம்பியைத் தொட்டாரா இல்லையா என்கிற அளவுக்குத்தான் கை அசைந்தது. ஆம்பிலிருந்து சுத்தமாக, கணீரென்று வந்தது. அது அவருக்குக் கேட்டிருக்காது. கேள்வியோடு புருவத்தை உயர்த்தினார்.

"இதாண்ணே," என்றேன். "இப்படியே வாசிங்க."

அவர் தலையாட்டிவிட்டு, அந்த அளவை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளக் கண்ணை மூடி, மறுபடி முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.